பேசும்படம் வந்தபோது மௌனப்பட இயக்குநர்கள் என்ன ஆனார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பேசும்படம் வந்ததும் குரல் எடுபடாத நடிகர்கள் ஒதுங்கிப்போனார்கள் என்பது புரிகிறது, ஆனால் திரையில் வாயே திறக்காத இயக்குநர்களுக்கு ஏன் வேலை போனது? கிரிஃபித், ஸ்ட்ரோஹைம் போன்ற பெரிய பெயர்கள் முப்பதுகளில் எப்படிக் காணாமல் போயின? இந்தக் கேள்விக்குள் ஒரு முடிவும் சேர்ந்தே இருக்கிறது. ஒலிதான் அவர்களை வீழ்த்தியது என்று எடுத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள். முதலில் அதைச் சோதித்துப் பார்ப்போம். நான் பல வருடங்களாகச் சினிமா வரலாறு கற்பிக்கிறேன். என் படிப்பு பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய மௌனப்படங்களைப் பற்றியது. ஜப்பானைப் பற்றிச் சொல்வதெல்லாம் பிறர் ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. அதனால் இந்தப் பதிலின் பெரும்பகுதி ஹாலிவுட்டைப் பற்றித்தான் இருக்கும்.

ஒலி சிலரைத் தடுமாற வைத்தது உண்மை. ஆனால் நமக்குப் பெயர் தெரிந்த பல இயக்குநர்களின் சரிவு, முதல் பெரிய பேசும்படம் அமெரிக்காவில் வெளியான 1927 அக்டோபருக்கு முன்பே தொடங்கிவிட்டது. படத்துக்கான பணமும், எதை வெட்டுவது எதை வைப்பது என்ற கடைசி முடிவும் இயக்குநர் கையிலிருந்து ஸ்டூடியோ மேலாளர் கைக்குப் போன காலம் அது. ஒலி வந்தபோது அந்த மாற்றம் ஏறக்குறைய முடிந்திருந்தது. ஒலி அதைத் திரும்பிப் போக முடியாதபடி உறுதிப்படுத்தியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1910-ஐ ஒட்டிய வருடங்களில் இயக்குநர் வேலை எப்படி இருந்தது என்று பார்த்தால் இது புரியும். டேவிட் வார்க் கிரிஃபித் 1908-ல் நியூயார்க்கின் பயோகிராஃப் கம்பெனிக்கு நடிக்கத்தான் போனார். அந்த வருடமே இயக்குநராகிவிட்டார். 1913-க்குள் அவர் எடுத்த குறும்படங்கள் நானூற்றைத் தாண்டும். பெரும்பாலும் ஒரு ரீல் படங்கள். ஒரு ரீல் என்றால் சுமார் 1,000 அடி, பத்துப் பதினைந்து நிமிடம். வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று எடுக்க வேண்டும். கதையை முடிவு செய்வது, நடிகர்களைப் பொறுக்குவது, எடுப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் ஒரே ஆள். மேலிடத்துக்கு வாரம் தவறாமல் ரீல் வந்தால் போதும், எப்படி எடுத்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்தச் சுதந்திரத்தில்தான் குளோசப்பையும் இரண்டு இடங்களில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டும் வெட்டையும் அவர் இழைத்து இழைத்து மெருகேற்றினார். இவற்றையெல்லாம் அவரே கண்டுபிடித்தார் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். அது சரியல்ல. அவருக்கு முன்பே பிரிட்டனிலும் பிரான்ஸிலும் இவை இருந்தன. அவற்றை ஒரு கதை சொல்லும் முறையாகத் தொகுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு என்பதுவரை தைரியமாகச் சொல்லலாம்.

1913-ல் அவர் பயோகிராஃபை விட்டு வந்ததே நீளமான படம் எடுக்க அவர்கள் விடவில்லை என்பதால்தான். 1915-ல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' பெரும் பணத்தைக் கொட்டியது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தி, கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பின் கொலைகாரர்களை வீரர்களாகக் காட்டிய படம் அது. வெளியானபோதே அதற்கு எதிராகப் போராட்டங்கள் நடந்தன. அவர் திறமையைப் பேசும்போது இதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. மறு வருடம் 'இன்டாலரன்ஸ்' படத்தில் பணத்தை இறைத்தார், அது திரும்பி வரவில்லை. 1919-ல் சாப்ளின், மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் ஆகியோருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற படக் கம்பெனியைத் தொடங்கினார். நியூயார்க்குக்குப் பக்கத்தில் மமரோனெக்கில் சொந்த ஸ்டூடியோ வைத்து, கடனில் மூழ்கினார். இருபதுகளின் நடுவில் பாரமவுண்ட்டில் சம்பளத்துக்கு இயக்கும் நிலைக்கு வந்துவிட்டார். பேசும்படத்துக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. அதற்கப்புறம் அவர் எடுத்த பேசும்படங்கள் இரண்டே இரண்டு. 1930-ல் வந்த ஆபிரகாம் லிங்கன் பற்றிய படத்துக்கு ஓரளவு மரியாதை கிடைத்தது. 1931-ல் வந்த 'தி ஸ்ட்ரகிள்' படுதோல்வி. 1948-ல் இறக்கும்வரை வேறு படம் இயக்கவில்லை. இதில் ஒலியின் பங்கு கடைசி ஒரு தள்ளு மட்டும்தான் என்பது என் கணிப்பு.

எரிக் வான் ஸ்ட்ரோஹைமின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கட்டுப்பாடு கைமாறிய தருணத்தையே அதில் பார்க்கலாம். 1922-ல் யுனிவர்சலில் அவர் ஒரு படத்தைப் பாதி எடுத்திருந்தபோது, இர்விங் தால்பர்க் என்ற தயாரிப்பு மேலாளர் அவரை நீக்கிவிட்டு வேறு ஆளைப் போட்டார். அப்போது தால்பர்க்குக்கு வயது 23. ஒரு புகழ்பெற்ற இயக்குநரைப் படத்தின் நடுவில் மேலாளர் ஒருவர் தூக்கி எறியலாம் என்பது அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. ஸ்ட்ரோஹைம் கோல்ட்வின் கம்பெனிக்குப் போய் 'கிரீட்' படத்தைத் தொடங்கினார். உண்மையான வீதிகளிலும் வீடுகளிலும் எடுத்தார், கோடைகாலத்தில் டெத் வேலி பாலைவனத்தில் எடுத்தார். முதல் தொகுப்பு நாற்பது ரீலுக்கு மேல், எட்டு மணி நேரத்தைத் தாண்டும் என்கிறார்கள். சரியான நீளம் பற்றிக் கணக்குகள் ஒத்துப்போகவில்லை. அதற்குள் 1924-ல் கோல்ட்வின் கம்பெனி வேறு இரண்டு கம்பெனிகளுடன் சேர்ந்து எம்ஜிஎம் ஆனது. அங்கே தயாரிப்புப் பொறுப்பில் வந்து உட்கார்ந்தவர் அதே தால்பர்க். ஸ்ட்ரோஹைமே படத்தைச் சுமார் 24 ரீலாகக் குறைத்தார். அவருடைய நண்பரான இயக்குநர் ரெக்ஸ் இங்க்ரம் 18 ரீலுக்குக் கொண்டுவந்தார். ஸ்டூடியோ அதைப் பத்து ரீலாக்கி வெளியிட்டது. வெட்டிய சுருள்களை அவற்றில் இருந்த வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் நான் பார்த்ததில்லை. அந்தக் காட்சிகள் கிடைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஸ்ட்ரோஹைமை முழுக்க நிரபராதி ஆக்கவும் கூடாது. நேரத்தையும் பணத்தையும் பற்றிக் கவலைப்படாமல் எடுப்பவர்தான் அவர். 1925-ல் அதே எம்ஜிஎம்முக்காக அவர் எடுத்த 'தி மெர்ரி விடோ' நன்றாக ஓடியது, ஆக வசூலுக்கு எடுக்கத் தெரியாதவர் இல்லை. 1929-ல் குளோரியா ஸ்வான்சன் நடித்த 'குவீன் கெல்லி' பாதியில் நின்றது. முப்பதுகளின் தொடக்கத்தில் அவர் எடுத்த ஒரே பேசும்படத்தையும் ஸ்டூடியோ வேறு ஆட்களை வைத்துப் பெருமளவு மறுபடி எடுத்து வேறு பெயரில் வெளியிட்டது. அதோடு அவருடைய இயக்குநர் வாழ்க்கை முடிந்தது. நடிகராக இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தார். 1937-ல் பிரெஞ்சு இயக்குநர் ரெனுவாரின் 'லா கிராண்ட் இல்யூஷன்' படத்தில் ஜெர்மன் அதிகாரியாக வருபவர் அவர்தான். 1950-ல் பில்லி வைல்டரின் 'சன்செட் புலவார்ட்' படத்தில், ஒரு காலத்தில் இயக்குநராக இருந்து பின்னால் பணியாளாகிப்போன ஒருவராக நடித்தார். அந்தப் படத்தில் பழைய மௌனப்படம் என்று திரையில் ஓட்டுவது நின்றுபோன 'குவீன் கெல்லி'யின் காட்சிகளை.

உங்கள் கேள்வியில் பெண்கள் வரவில்லை. ஆனால் ஒலியைக் குற்றம் சொல்ல முடியாது என்பதற்கு அவர்களைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ஆலிஸ் கீ பாரிஸில் கோமோன் கம்பெனியில் செயலாளராகச் சேர்ந்து, 1896 வாக்கில் படம் எடுக்கத் தொடங்கினார். (இன்று நமக்குக் கிடைக்கும் அவருடைய முட்டைக்கோஸ் தேவதைப் படம் அந்த வருடத்துப் படமா, பிறகு திரும்ப எடுத்ததா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.) 1907 வரை கோமோனின் தயாரிப்பையே கவனித்துக்கொண்டார். அப்புறம் அமெரிக்கா போய் 1910-ல் சோலக்ஸ் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கி, 1912-ல் நியூஜெர்சியின் ஃபோர்ட் லீயில் ஸ்டூடியோ கட்டினார். அவருடைய கடைசிப் படம் 1920-ல் வந்தது. திருமணம் முறிந்து 1922-ல் பிரான்ஸுக்குத் திரும்பியவருக்கு மறுபடி இயக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. 1968-ல் இறந்தார். ஆயிரம் படம் எடுத்தார் என்று இணையத்தில் வரும் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். பல படங்களில் யார் இயக்கியது என்ற குறிப்பே அந்தக் காலத்தில் கிடையாது. சில படங்களை வேறு ஆண்களின் பெயரில் எழுதிவிட்டார்கள் என்பதற்கும் ஆதாரம் உண்டு.

லோயிஸ் வெபர் 1916 வாக்கில் யுனிவர்சலின் மிக அதிகச் சம்பளம் வாங்கிய இயக்குநர்களில் ஒருவர். கருக்கலைப்பு, கருத்தடை, வறுமை, ஆசிரியர்களின் குறைந்த சம்பளம் என்று பிறர் தொடத் தயங்கியதைத் தொட்டார். 1917-ல் சொந்த ஸ்டூடியோ. 1921-ல் பாரமவுண்ட் விநியோகம் கைவிட்டுப்போனது, ஸ்டூடியோவும் நீடிக்கவில்லை. பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில படங்கள், 1934-ல் ஒரே ஒரு பேசும்படம், 1939-ல் மரணம். இருபதுகளின் தொடக்கத்தில் தயாரிப்பும் விநியோகமும் தியேட்டரும் ஒரே பெரிய கம்பெனிகளின் கைக்குப் போயின. வங்கிப் பணம் உள்ளே வந்தது. சிறு கம்பெனிகள் மூடப்பட்டன. பெண்கள் அதிகம் இயங்கியது அந்தச் சிறு கம்பெனிகளில்தான் என்பதால் அடி அவர்கள்மேல் முதலில் விழுந்தது. பெரிய கம்பெனிகளில் பெண்ணிடம் பெரிய பட்ஜெட்டைக் கொடுக்க மறுத்த ஆண்களின் மனப்போக்கும் சேர்ந்துகொண்டது. இரண்டில் எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. முப்பதுகளில் ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் தொடர்ந்து இயக்கிய பெண் டோரதி ஆர்ஸ்னர் ஒருவர்தான். 1927-ல் மௌனப்படத்தில் தொடங்கியவர், 1929-ல் பேசும்படத்துக்குச் சிரமமில்லாமல் வந்துவிட்டார். மைக்கை ஒரு தூண்டில் கழியில் கட்டித் தொங்கவிட்டு நடிகையை நடமாட விட்டவர் அவர்தான் என்பார்கள். அதுதான் உலகத்திலேயே முதல் தடவையா என்பதை நிரூபிப்பது கஷ்டம்.

சரி, ஒலி உண்மையில் என்ன செய்தது? மௌனப்பட ஷூட்டிங் சத்தமானது. கேமரா ஓடும்போதே இயக்குநர் "இப்போ திரும்பு, மெதுவா, அழு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நடிகர்களுக்கு மனநிலை வர ஓரத்தில் வயலின் வாசிப்பார்கள். பக்கத்து செட்டில் தச்சுவேலை நடக்கும். 1928, 29-ல் இது ஒரே அடியாக நின்றது. கேமராவின் சத்தம் மைக்கில் விழாமல் இருக்க அதைக் கண்ணாடி வைத்த கூண்டுக்குள் அடைத்தார்கள். அதனால் கேமரா நகர முடியவில்லை. ரீங்காரம் போடும் பழைய ஆர்க் விளக்குகளை மாற்றினார்கள். மைக் எங்கே மறைந்திருக்கிறதோ அங்கே நடிகர்கள் கூடி நின்று பேசினார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் "சரியில்லை" என்றால் இயக்குநருக்கு அந்த ஷாட் இல்லை. அதோடு வசனம் சொல்லிக்கொடுக்க நியூயார்க் மேடையிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். ஜார்ஜ் க்யூகர், ரூபன் மமூலியன் போன்றோர் அப்படி மேடையிலிருந்து வந்தவர்கள்தான். ஒரு மௌனப்பட இயக்குநருக்கு இது அவமானமாகவும் இருந்திருக்கும், பயமாகவும் இருந்திருக்கும். ஆனால் இந்த நெருக்கடி இரண்டு மூன்று வருடம்தான். 1931 வாக்கில் கேமராவுக்குத் தனி உறை வந்துவிட்டது, மைக் தலைக்குமேல் நகரத் தொடங்கிவிட்டது.

தாண்டி வந்தவர்களின் பட்டியல்தான் இதற்கு நல்ல சான்று. ஜான் ஃபோர்ட் 1917-லிருந்து யுனிவர்சலில் குறைந்த செலவில் கவ்பாய் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். பேசும்படத்தில் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் நான்கு வாங்கினார். ராவுல் வால்ஷ் 1928-ல் வெளிப்புறத்தில் ஒரு பேசும்படம் எடுக்கப் போனபோது கார் விபத்தில் ஒரு கண்ணை இழந்தார், இருந்தும் 1964 வரை இயக்கினார். ஆலன் ட்வான் மின்பொறியியல் படித்தவர், 1911-ல் தொடங்கி 1961 வரை இயக்கினார். ஹாக்ஸ், காப்ரா, வில்லியம் வைலர், கிங் விடோர், செசில் டெமில் எல்லோரும் மௌனப்படத்தில் தொழில் கற்றவர்கள். ஹாலிவுட்டின் சிறந்த பேசும்படங்கள் என்று நாம் கொண்டாடுவதில் கணிசமான பகுதி இவர்கள் எடுத்ததுதான். இவர்களில் பெரும்பாலோர் சின்னப் படங்களில் வேகமாகவும் கணக்காகவும் வேலை செய்து பழகியவர்கள், மேலாளரோடு சண்டை போட்டாலும் படத்தை முடித்துக் கொடுப்பவர்கள். டெமில் மட்டும் விதிவிலக்கு, அவர் பிரம்மாண்டத்தையே லாபமாக்கத் தெரிந்தவர்.

பஸ்டர் கீட்டனையும் சாப்ளினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வாதம் இன்னும் தெளிவாகும். கீட்டன் 1928-ல் தன் சொந்த யூனிட்டை விட்டு எம்ஜிஎம்முக்குப் போனார். அங்கே கதையும் வெட்டும் அவர் கையில் இல்லை. அவர் நடித்த பேசும்படங்கள் பணம் சம்பாதிக்கவே செய்தன, அதாவது குரல் பிரச்சினை இல்லை. ஆனால் இயக்கும் கீட்டன் அங்கே இல்லாமல் போனார், 1933-ல் வேலையும் போனது. சாப்ளினுக்குச் சொந்த ஸ்டூடியோவும் சொந்தப் பணமும் இருந்தன. அதனால் 1931-லும் 1936-லும்கூட வசனம் பேசாத படங்களை எடுத்து வெற்றி பெற முடிந்தது. ஒலி இருவருக்கும் ஒன்றுதான், இருவர் கையிலும் இருந்த அதிகாரம்தான் வேறு.

ஸ்டூடியோவுக்கு வெளியே இருந்தவர்களின் கதை தனி. ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் 1919-லிருந்து கறுப்பின ரசிகர்களுக்காகச் சொந்தமாகப் பணம் திரட்டிப் படம் எடுத்தார். தன் புத்தகங்களை வீடு வீடாக விற்றுப் பழகியவர், படத்துக்கான பணத்தையும் அப்படியே நேரில் போய்த் திரட்டினார். 1928-ல் திவாலாகியும் 1931-ல் பேசும்படம் எடுத்தார், அவருடைய கடைசிப் படம் 1948-ல் வந்தது. எந்த ஸ்டூடியோவும் அவருக்குக் கதவைத் திறந்ததில்லை.

ஐரோப்பியர்களுக்கு ஒலி வேறு மாதிரி இடித்தது. மௌனப்படத்தில் காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளை மட்டும் மாற்றினால் படம் எந்த நாட்டுக்கும் போகும், இயக்குநரும் போகலாம். ஜெர்மனியின் முர்னாவ், லூபிட்ஷ், ஸ்வீடனின் ஷோஸ்ட்ரோம் எல்லாம் அப்படித்தான் ஹாலிவுட்டுக்கு வந்தார்கள். ஒலி வந்ததும் மொழி ஒரு சுவரானது. லூபிட்ஷ் இசைப் படங்களால் அதை ஏறிக் கடந்தார். ஷோஸ்ட்ரோம் ஊர் திரும்பி, பெரும்பாலும் நடிப்போடு நின்றுகொண்டார். முர்னாவ் 1931 மார்ச்சில் கார் விபத்தில் இறந்தார். அவர் பேசும்படத்தில் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பதில் பயனில்லை. ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் பென்ஷி கலைஞர்கள் பெரும் நட்சத்திரங்களாக இருந்ததும் ஒரு காரணமாக, மௌனப்படம் அங்கே இன்னும் சில வருடம் நீடித்தது. ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் முதல் முழுநீளப் பேசும்படம் 1936-ல்தான் வந்தது.

இந்தியாவிலும் இதே மாதிரிதான் என்று சொல்லத் தோன்றும், ஆனால் ஒவ்வொருவர் கதையும் வேறு. தாதாசாகேப் பால்கே 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தார். 1918-ல் கூட்டாளிகளுடன் தொடங்கிய கம்பெனியில் மனஸ்தாபம் வந்து விலகினார், பிறகு திரும்பினார், ஆனால் பழைய பிடி திரும்பவில்லை. அவர் பேசும்படமாகவே எடுத்த ஒரே படம் 1937-ல் வந்தது. சென்னையில் ஆர். நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில் ஸ்டூடியோ வைத்து 'கீசக வதம்' எடுத்தார். 1916, 1917, 1918 என்று வருடத்தை ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள், நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஸ்டூடியோ தீவிபத்தும் மகனின் மரணமும் அவரை 1923 வாக்கிலேயே சினிமாவிலிருந்து விலக வைத்தன. இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' வர இன்னும் எட்டு வருடம் இருந்தது. பம்பாய் மௌனப்படங்களில் நட்சத்திரமாக இருந்து இயக்குநரான புதுக்கோட்டை ராஜா சாண்டோ ஒலியைத் தாண்டி வந்தவர், 1935-ல் 'மேனகா'வை எடுத்தார்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே எடுத்த சுமார் 11,000 முழுநீள மௌனப்படங்களில் 70 சதவீதம் முற்றிலும் அழிந்துவிட்டது. அந்தக் காலத்து நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவும் மக்கும். பேசும்படம் வந்தபின் இவற்றுக்கு விலை இல்லை என்று ஸ்டூடியோக்களே தூக்கிப் போட்டன. ஃபோர்டின் மௌனப்படங்களில்கூடப் பெரும்பாலானவை இல்லை. தென்னிந்தியாவில் நிலைமை இன்னும் மோசம், நடராஜ முதலியார் எடுத்ததில் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. ஆக, "திறமை இல்லாதவர்கள் ஒலியோடு போய்விட்டார்கள்" என்று யாராவது சொன்னால், எந்தப் படங்களைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

நீங்களே பார்த்து முடிவு செய்ய விரும்பினால் இரண்டு வழி சொல்கிறேன். கிங் விடோரின் 1928 மௌனப்படம் 'தி க்ரவுட்'டையும், அடுத்த வருடம் அவர் எடுத்த முதல் பேசும்படம் 'ஹாலலூயா'வையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டாவதில் வெளிப்புறக் காட்சிகளை ஒலி இல்லாமல் எடுத்துவிட்டு, சத்தத்தைப் பிறகு சேர்த்தார். அதனால்தான் கூண்டுக்குள் அடைபடாத கேமராவை அதில் பார்க்க முடிகிறது. இன்னொன்று ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்'. 1929-ல் மௌனமாகவும் ஒலியோடும் இரண்டு வடிவத்தில் வந்தது, இரண்டும் கிடைக்கின்றன. கதாநாயகி ஆன்னி ஓன்ட்ராவின் செக் உச்சரிப்பு சரிப்படாததால், ஒலி வடிவத்தில் கேமராவுக்கு வெளியே நின்று ஜோன் பாரி என்ற நடிகை பேச, ஓன்ட்ரா வாயசைத்தார். மௌன வடிவத்தை முதலில் பாருங்கள்.